டான்யூப் ஆற்றில் தனியாகக் கயாக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் உல்ம் நகரில் கயாக்கை நீரில் இறக்கி, ருமேனியாவின் சுலினாவில் கருங்கடலைக் காணும் வரை, ஏறத்தாழ 2,590 கிலோமீட்டர் தூரத்தை ஒரே கோடைக்காலத்தில் தனியாகத் துடுப்பு வலித்துக் கடந்தேன். மொத்தம் 68 நாட்கள் ஆயின. அவற்றில் ஒன்பது நாட்கள் காற்றினாலோ சோர்வினாலோ நகரவே இல்லை. திரும்பி வந்தபின் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், புறப்படும் முன் நானே விடை தேடி அலைந்தவற்றையும் இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

ஆறு பிறக்கும் இடத்திலிருந்தே ஏன் தொடங்கவில்லை?

கருங்காட்டுப் பகுதியில் பிரேக், பிரிகாக் என்னும் இரண்டு சிற்றாறுகள் டோனவ்எஷிங்கன் ஊரருகே கூடும் இடத்திலிருந்துதான் டான்யூப் என்ற பெயர் தொடங்குகிறது. ஆனால் அங்கிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்குள், இம்மெண்டிங்கன் என்னும் ஊருக்கு அருகில், ஆறு தன் படுகையிலுள்ள சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. கோடையில் பல வாரங்களுக்கு அங்கே கூழாங்கற்கள் மட்டுமே கிடக்கும். காலணி நனையாமல் டான்யூபைக் குறுக்கே நடந்து கடக்கலாம். மறைந்த நீர் பூமிக்கடியில் ஓடி ஆக் என்னும் ஊற்றாக வெளிப்பட்டு, கான்ஸ்டன்ஸ் ஏரி வழியாக ரைன் நதியில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. ஆகவே கருங்கடலுக்குப் போக வேண்டிய நீரில் ஒரு பங்கு நேர் எதிர்த்திசையில் போய்விடுகிறது என்பதை முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

அதற்குக் கீழே ஜிக்மாரிங்கன் வரையுள்ள பள்ளத்தாக்கு மிக அழகானது. ஆனால் அங்கே இயற்கைப் பாதுகாப்பு விதிகளின்படி படகுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. நீர்மட்டம் குறைந்தால் செல்லவே முடியாது. உல்முக்குச் சற்று மேலே இல்லர் ஆறு வந்து கலந்த பிறகுதான், சுமையேற்றிய கயாக்கைத் தரை தட்டாமல் தாங்கும் அளவுக்கு டான்யூபில் நீர் இருக்கிறது.

உல்மில் தொடங்குவதற்குப் பழைய நியாயம் ஒன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிச் சமவெளியில் குடியேறப் புறப்பட்ட ஜெர்மன் குடும்பங்கள் பல, ‘உல்ம் பெட்டி’ என்று அழைக்கப்பட்ட தட்டையான மரப் படகுகளில் இங்கிருந்துதான் ஏறின. அந்தப் படகுகள் திரும்பி வரக் கட்டப்பட்டவை அல்ல. போய்ச் சேர்ந்த ஊரில் பலகை பலகையாகப் பிரித்து மர விலைக்கு விற்றுவிடுவார்கள். திரும்பிச் செல்லும் படகுச்சீட்டைப் பற்றிக் கவலைப்பட்ட நாட்களில் எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

ஓட்டத்தின் போக்கில்தானே செல்கிறோம்? ஆறே இழுத்துக்கொண்டு போகாதா?

அதிகம் பேர் கேட்பதும், புறப்படும்போது நானும் நம்பியிருந்ததும் இதுதான். பதில்: பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போகாது.

கணக்கைப் பாருங்கள். உல்மில் ஆறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. வியன்னாவில் 160 மீட்டர்தான். அதாவது முதல் 660 கிலோமீட்டரில் 310 மீட்டர் இறங்கிவிடுகிறது. எஞ்சிய 1,930 கிலோமீட்டருக்கு மிச்சம் இருப்பது 160 மீட்டர் மட்டுமே. முதல் பகுதியின் சரிவாவது நமக்குக் கிடைக்குமா என்றால், அதையும் மின்நிலையங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. உல்மிலிருந்து பஸ்ஸாவ் வரை இருபதுக்கும் மேற்பட்ட அணைகள், பிறகு ஆஸ்திரியாவில் எல்லையிலுள்ள யோகன்ஸ்டைனிலிருந்து வியன்னாவின் ஃப்ராய்டனாவ் வரை இன்னும் பத்து. ஒவ்வோர் அணைக்குப் பின்னாலும் நீர் பல கிலோமீட்டர் தூரம் குளம்போல் நிற்கும். அணைக்குக் கீழே சிறிது தூரம் ஓடி, அடுத்த அணையின் தேக்கத்தில் மறுபடி செத்துப்போகும். ஆக மேல் டான்யூபை ஆறு என்பதைவிட, படிக்கட்டாக அடுக்கிய ஏரிகள் என்பதே பொருந்தும்.

பெல்கிரேடுக்குக் கீழே எஞ்சியிருக்கும் 1,170 கிலோமீட்டருக்கு மொத்தச் சரிவே ஏறத்தாழ 70 மீட்டர். அதிலும் பாதியளவை, செர்பிய-ருமேனிய எல்லையிலுள்ள இரும்பு வாயில் என்னும் மலையிடுக்கின் இரண்டு அணைகள் விழுங்கிவிடுகின்றன.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மறக்க மாட்டேன். பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங் முதல் ஃபில்ஸ்ஹோஃபன் வரை, ஆஸ்திரியாவில் மெல்க் முதல் கிரெம்ஸ் வரையுள்ள வாகாவ் பள்ளத்தாக்கு, வியன்னாவுக்குக் கீழே ஹைன்பர்க் வரையுள்ள வெள்ளச் சமவெளிக் காடு ஆகிய மூன்று இடங்களிலும் ஆறு இன்னும் கட்டற்று ஓடுகிறது. ஹைன்பர்க்கிலும் ஓர் அணை வரவேண்டியதுதான்; 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கான மக்கள் உறைபனியில் காட்டுக்குள் கூடாரமடித்து மறித்ததால் அது நின்றுபோய், அந்த இடம் 1996இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் காதைத் தாழ்த்திக் கேட்டால், படகின் அடித்தட்டில் அரிசி கொழிப்பது போன்ற மெல்லிய சலசலப்பு கேட்கும். அது ஆற்றுப் படுகையில் கூழாங்கற்கள் உருளும் ஓசை. மேலேயிருந்த தேக்கங்களில் ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் செல்லலாம்? எந்த மாதம் ஏற்றது?

அசையாத நீரில் சுமையுடன் மணிக்கு ஐந்து முதல் ஆறு கிலோமீட்டர் என்பது நீடித்து வலிக்கக்கூடிய வேகம். நகர்ந்த நாட்களில் என் சராசரி நாளொன்றுக்கு 44 கிலோமீட்டர். வாகாவில் அரை நாளில் கிடைத்த தூரம், இரும்பு வாயிலின் தேக்கத்தில் விடியல் முதல் மாலை வரை வலித்தும் கிடைக்கவில்லை. முதல் பத்து நாட்கள் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டதை நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். மணிக்கட்டுத் தசைநார் வீங்கினால் பயணமே முடிந்துவிடும்.

மே நடுவில் புறப்பட்டு ஜூலைக் கடைசியில் முடித்தேன். ஆல்ப்ஸ் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் நீர் தாராளமாக இருக்கும். அதே காரணத்தால் பெருவெள்ளமும் வரலாம். 2013 ஜூனில் பஸ்ஸாவில் நீர்மட்டம் 12.89 மீட்டருக்கு உயர்ந்தது. அந்நகரின் பழைய கட்டடங்களில் வெள்ளக் குறிகளைத் தலைக்கு மேலே பார்க்கலாம். ஆகஸ்டில் சென்றால் நேர்மாறான சிக்கல். 2022 கோடையின் வறட்சியில் செர்பியாவின் பிரஹோவோ அருகே, இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல்களின் துருப்பிடித்த இரும்புகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அவை எப்போதும் அங்கே இருப்பவை. நீர் சற்றுக் கூடுதலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு.

எந்த வகைக் கயாக் வேண்டும்?

ஐந்து மீட்டர் நீளமுள்ள, முன்னும் பின்னும் நீர்புகா அறைகளுடைய கடல் கயாக் போதும். நான் எடுத்துச் சென்றது மடிக்கக்கூடிய சட்டகப் படகு. தொடர்வண்டியிலும் விமானத்திலும் பைகளாக ஏற்றலாம் என்பதே காரணம். இந்தப் படகு வகையே ஆற்றுப் பயணத்துக்காகப் பிறந்ததுதான். ஆல்ஃபிரட் ஹொய்ரிஷ் என்ற மாணவர் 1905இல் மூங்கிலும் துணியும் கொண்டு செய்த வடிவமைப்பின் உரிமையை, ரோசன்ஹைம் ஊரின் தையற்காரர் யோகான் கிளெப்பர் வாங்கி 1907 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வேகம் சற்றுக் குறைவு. கூரான கல்லும் கான்கிரீட் விளிம்பும் அதன் எதிரிகள். ஒட்டுப்போடும் துணியும் பசையும் இன்றிப் புறப்படாதீர்கள். நான் நான்கு முறை ஒட்டுப்போட்டேன்.

படகைவிட நான் அதிகம் யோசித்து வாங்கியிருக்க வேண்டியது தள்ளுவண்டியை. சின்னச் சக்கரம் மணலில் புதைந்து நிற்கும்; காற்றடைத்த பெரிய சக்கரம் வேண்டும். ஏனென்று அடுத்த கேள்வியில் புரியும்.

அணைகளை எப்படிக் கடப்பது?

இரண்டு வழிகள். ஒன்று, கப்பல்களை மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறக்கும் லாக் என்னும் கதவுத் தொட்டிக்குள் நுழைந்து இறங்குவது. மற்றொன்று, படகைக் கரையேற்றி அணையைச் சுற்றிச் சுமந்து செல்வது. கெல்ஹைமில்தான் பெரிய கப்பல்களுக்கான நீர்வழி தொடங்குகிறது, 1992இல் திறக்கப்பட்ட ரைன்-மைன்-டான்யூப் கால்வாய் அங்கேதான் ஆற்றில் சேர்கிறது. ஆகவே அதற்கு மேலேயுள்ள அணைகளில் சுமப்பதுதான் வழி.

சுமப்பது என்றால் என்னவென்று ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அணை தெரியத் தொடங்கியதும் கரையோரம் ஒதுங்கி, இறங்குமிடம் காட்டும் மஞ்சள் பலகையைத் தேட வேண்டும். அங்கே பாசி படிந்த கான்கிரீட் சரிவு இருக்கும்; வெறுங்காலுடன் கால் வைத்தால் உட்கார்ந்த வாக்கில் ஆற்றுக்குத் திரும்பிவிடலாம். கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன், உணவுப் பை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்து, வெற்றுப் படகை மேலே இழுத்து, வண்டியில் கட்டி, மறுபடி பைகளை அதன் மேல் ஏற்றி, கரைச்சாலையில் அரைக் கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி, கீழ்ப்பக்கச் சரிவில் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு முதலில் ஒன்றரை மணி நேரம் ஆனது. பஸ்ஸாவை அடைவதற்குள் நாற்பது நிமிடமாகக் குறைந்தது. சிறிய பைகள் இருபது இருந்தால் அது ஒரு தண்டனை. தோள்பட்டை வைத்த பெரிய பைகள் மூன்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்கில் இறங்குவதாக இருந்தால், பணியாளர் அனுமதித்து விளக்கு பச்சையான பிறகு, பெரிய கப்பல்கள் உள்ளே போய் நின்றபின் கடைசியாக நுழைய வேண்டும். சுவரிலுள்ள ஏணிக் கம்பியைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், நீர் இறங்க இறங்க அடுத்த கம்பிக்குக் கையை மாற்றுங்கள். கயிற்றால் மட்டும் கட்டிவிடாதீர்கள். நீர் கீழே போய்விடும், கட்டிய படகு சுவரில் தொங்கும்.

பிராட்டிஸ்லாவாவுக்குக் கீழே கப்சிகோவோ என்ற இடத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. கப்பல்கள் 1992இல் திறக்கப்பட்ட அகலமான செயற்கைக் கால்வாயில் செல்கின்றன. இருபுறமும் உயர்ந்த கரைக்கட்டு, இறங்க இடமில்லை, காற்று தடையின்றி வீசும். அதை விட்டுவிட்டு, சூனோவோவில் ஒரு முறை சுமந்து, ஸ்லோவாகியாவுக்கும் ஹங்கேரிக்கும் எல்லையாக ஓடும் பழைய டான்யூபுக்குள் இறங்குவதையே பரிந்துரைக்கிறேன். இந்த அணைத் திட்டம் இரு நாடுகளுக்கும் இடையே பெரும் வழக்காகி, ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் வரை சென்றது; 1997இல் தீர்ப்பு வந்தது. தண்ணீரின் பெரும்பகுதி கால்வாய்க்குப் போய்விட, பழைய ஆற்றில் எஞ்சியிருப்பது வெள்ளைக் கூழாங்கல் திட்டுகளும் வில்லோ மரங்களும் நாரைகளும்தான். இரண்டு நாட்கள் ஒரு கப்பலைக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு இரும்பு வாயில் வரை ஏறத்தாழ 870 கிலோமீட்டருக்கு அணையே இல்லை.

மிக ஆபத்தான இடம் எது?

பெயருள்ள இடமாகச் சொன்னால், ரேகன்ஸ்பர்க்கின் கல் பாலம். 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இப்பாலத்தின் தூண்களைச் சுற்றிப் போட்ட பருத்த கல்திட்டுகள் ஆற்றை நெருக்குவதால், வளைவுகளுக்குக் கீழே நீர் பாய்ந்து சுழிகளாகத் திரும்புகிறது. பாலத்தின் மேலிருந்து பார்ப்பதற்கு அழகாக இருக்கும். சுமையுள்ள கயாக்கில் அதற்குள் போகாதீர்கள். கப்பல் கால்வாய் வழியாகச் சுற்றிச் செல்லுங்கள்.

ஆனால் உண்மையில் அஞ்ச வேண்டியது கரையோரம் நங்கூரமிட்டு அசையாமல் நிற்கும் பார்ஜ்கள் என்னும் தட்டையான சரக்குப் படகுகளையே. அவற்றின் முன்முனை நீர்ப்பரப்புக்கு மேலே சரிவாக நீண்டிருக்கும். ஓட்டம் நேராக அதன் அடியில் போகும். பக்கவாட்டில் அதன்மேல் மோதினால் படகு கவிழ்ந்து, ஆளும் படகும் அந்த இரும்பின் அடிக்கு இழுக்கப்பட்டுவிடுவார்கள். மிதவைகளுக்கும் இதே விதி பொருந்தும். ஓட்டமுள்ள இடத்தில் அசையாமல் நிற்கும் எதற்கும் மேல்பக்கமாகப் போகாதீர்கள்.

பெரிய கப்பல்கள் நடுவே எப்படிச் செல்வது?

எப்போதும் நீங்கள்தான் விலக வேண்டும். கீழ் டான்யூபில் ஒரு தள்ளுகப்பல் ஆறு, ஒன்பது பார்ஜ்களை ஒன்றாகக் கட்டி முன்னே தள்ளிக்கொண்டு வரும்; அதன் மாலுமிக்கு முன்னால் பல நூறு மீட்டர் தூரத்துக்கு நீர் தெரியாது. ஓட்டத்தின் போக்கில் பார்க்கும்போது கப்பல் தடத்தின் வலப்புறம் சிவப்பு மிதவைகளும் இடப்புறம் பச்சை மிதவைகளும் இருக்கும். அவற்றுக்கு வெளியே, கரையோரமாகச் சென்றால் போதும். வளைவுகளில் மட்டும், கப்பல் தடம் எந்தக் கரையை ஒட்டுகிறதோ அதற்கு எதிர்க்கரையைப் பிடியுங்கள். அலை வந்தால் முனையை அதற்கு நேராகத் திருப்புங்கள்.

கரையிலுள்ள கிலோமீட்டர் பலகைகள் கடலிலிருந்து எண்ணப்படுபவை. உல்மில் 2,588ஐ ஒட்டி இருக்கும் எண், நீங்கள் போகப் போகக் குறைந்துகொண்டே வரும்: வியன்னாவில் 1,929, புடாபெஸ்டில் 1,647, பெல்கிரேடில் 1,170. பிரயிலாவுக்குக் கீழே திடீரெனக் கணக்கே மாறி, கடல் மைலில் எண்ணுவார்கள். நான் அதை அறியாமல் ஒரு மாலை முழுவதும் வழிகாட்டிப் படத்தோடு மல்லுக்கட்டினேன்.

இரும்பு வாயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல முடியுமா?

செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் இடையே கார்பாத்திய மலைகளை ஆறு அறுத்துக்கொண்டு செல்லும் இடுக்கு இது. ஒரு காலத்தில் கப்பலோட்டிகள் நடுங்கிய பாறைகளும் பாய்ச்சல்களும் இங்கே இருந்தன. 1972இல் முடிந்த முதல் அணை அவை எல்லாவற்றையும் மூழ்கடித்தது. கூடவே துருக்கியர் வாழ்ந்த அடா கலே என்ற தீவையும், பழைய ஓர்ஷோவா நகரையும் மூழ்கடித்தது. ரோமப் பேரரசர் டிராஜன் வெட்டிய சாலையின் நினைவுக் கல்வெட்டைப் பாறையோடு பெயர்த்து மேலே நகர்த்தி வைத்தார்கள். கயாக்கிலிருந்து அதை அருகில் சென்று பார்க்கலாம். சாலை வழியாக வருபவர்களுக்கு அந்தக் கோணம் கிடைப்பதில்லை.

இன்று பாய்ச்சல் இல்லை, காற்று இருக்கிறது. இடுக்கின் நுழைவாயிலில் கொலூபாட்ஸ் கோட்டைக்குச் சற்று மேலே தேக்கம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலம் கொள்கிறது. அதன் பின் மலைகள் நெருங்கி, கசான் என்னும் இடத்தில் 150 மீட்டராகச் சுருங்கிவிடுகின்றன. கோஷாவா எனப்படும் தென்கிழக்குக் காற்று இந்தக் குழாய் வழியாக ஆற்றுக்கு எதிர்த்திசையில் வீசும். குளிர்காலத்தில்தான் அதன் முழு வலிமை என்றாலும் கோடையிலும் கிழக்குக் காற்று இல்லாமல் இல்லை. நான் கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர் முன்பாக ஒரு மீனவரின் கொட்டகை ஓரம் இரண்டு பகல் இரண்டு இரவு கட்டுண்டு கிடந்தேன். முதல் நாள் மாலை பொறுமையிழந்து புறப்பட்டு, ஒரு மணி நேரம் முழுவலுவோடு வலித்துவிட்டுக் கரையைப் பார்த்தபோது, அதே நீல நிறக் கவிழ்த்த படகு அதே இடத்தில் எனக்கு நேராக இருந்தது. மீனவர் ஒன்றும் சொல்லவில்லை; கொட்டகைக் கதவைத் திறந்துவைத்தார். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு நீர் கண்ணாடியாகக் கிடந்தது. அன்றிலிருந்து தேக்கம் முடியும்வரை, நான்கு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிறுத்துவதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

அணையின் லாக் இரண்டு தொட்டிகளாகப் படியிறங்குவது. தனிக் கயாக்கை ஏற்பதும் மறுப்பதும் அன்று பணியிலிருப்பவரின் விருப்பம். மறுத்தால் வண்டி பிடித்துச் சாலை வழியாகச் சுற்ற வேண்டியதுதான். எனக்கு ஐந்து மணி நேரக் காத்திருப்புக்குப் பின் இடம் கிடைத்தது.

இரவில் எங்கே தங்குவது?

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கண்ட இடத்தில் கூடாரமடிக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் ஆற்றோர ஊர்களில் கயாக் சங்கங்களின் படகுக் கொட்டகைகள் வரிசையாக உள்ளன. சிறு கட்டணத்துக்குப் புல்வெளியும் குளியலறையும் கிடைக்கும். ஹங்கேரிக்குக் கீழே சங்கங்கள் குறைந்து, ஆற்றிடைக்குறைகள் பெருகுகின்றன. செர்பியா, பல்கேரியா, ருமேனியாவில் பெரும்பாலான இரவுகள் எனக்கு அத்தகைய மணல்திட்டுகளில் கழிந்தன. படகை நீர்விளிம்பில் விடாதீர்கள், ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்தால் இரவில் மட்டம் உயரும். கொசுக்கள் அந்தி சாய்ந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் மிகக் கொடியவை. அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட வேண்டும்.

குடிநீர்?

ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். வடிகட்டிகள் கிருமியைத் தடுக்கும். தொழிற்சாலைக் கழிவைத் தடுக்காது. பத்து லிட்டர் கேன் ஒன்றைச் சங்கங்களிலும் கிராமக் குழாய்களிலும் நிரப்பிக்கொண்டால் மூன்று நாள் தாங்கும்.

நீச்சல் தெரியாதவர் செல்லலாமா?

கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு விசா சிக்கல் உண்டா?

உண்டு, ஆனால் தீர்க்கக்கூடியது. ஆறு பத்து நாடுகளைத் தொடுகிறது. குரோஷியா 2023இலும், பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகவும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டதால், மால்டோவா, உக்ரைன் கரைகளில் ஏறாதவருக்கு வழியில் செர்பியா மட்டுமே அதற்கு வெளியே நிற்கிறது. செர்பியாவுக்குள் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். எனவே பலமுறை நுழைவதற்கான விசா கட்டாயம். எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் அனுமதி என்பதை அட்டவணையின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால் செர்பியத் தூதரகத்தில் புறப்படும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. செர்பியாவில் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல்துறையிடம் பதிய வேண்டும். மணல்திட்டில் தூங்குபவருக்கு இது ஒரு வேடிக்கையான விதி. முதல் ஊரிலேயே ஒரு விடுதியில் ஓரிரவு தங்கிச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

ஹங்கேரியை விட்டு வெளியேறும்போது மொஹாச் ஊரில் நின்று கடவுச்சீட்டுச் சோதனையை முடிக்க வேண்டும். கயாக்கின் பதிவெண், மாலுமிகளின் எண்ணிக்கை, சரக்கின் விவரம் எல்லாம் கேட்கும் கப்பல் படிவத்தைத்தான் எனக்கும் தந்தார்கள். மாலுமிகள் ஒருவர், சரக்கு வெங்காயம் என்று எழுதினேன். அதிகாரி முத்திரை குத்தினார்.

உக்ரைன் போர் இந்தப் பயணத்தைப் பாதிக்கிறதா?

கழிமுகப் பகுதியில் பாதிக்கிறது. ஆறு கடைசியில் கிலியா, சுலினா, ஸ்ஃபன்டு கியார்கே என மூன்று கிளைகளாகப் பிரிகிறது. வடக்கிலுள்ள கிலியா கிளை உக்ரைன் எல்லை. அதன் இஸ்மயில் துறைமுகமும், மேலேயுள்ள ரெனியும் 2023 முதல் ட்ரோன் தாக்குதல்களுக்கு உள்ளாகி வருகின்றன. கலாட்ஸைத் தாண்டியதும் ருமேனியக் கரையை விட்டு விலகாதீர்கள், கிலியா கிளைக்குள் நுழையவே வேண்டாம்.

தனியாகத்தான் போக வேண்டுமா? குழுவாகப் போக வழியில்லையா?

இருக்கிறது. 1956 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பன்னாட்டு டான்யூப் படகுப் பயணம் இங்கோல்ஸ்டாட்டிலிருந்து கருங்கடல் வரை ஒரு கூட்டமாகவே செல்கிறது. இடையில் சேரலாம், இடையில் விலகலாம். தூதரகக் காகிதங்களும் தங்குமிடமும் அவர்களுக்கு எளிது. எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, காற்று நின்ற நேரத்தில் யாரையும் எழுப்பாமல் புறப்பட முடிந்ததுதான். அது சிறிய நன்மை அன்று. தனியாகச் செல்பவர் உயிர்காப்பு அங்கியை எப்போதும் கழற்றக்கூடாது, கைப்பேசியை அங்கியிலேயே நீர்புகா உறையில் வைத்திருக்க வேண்டும். கவிழ்ந்தால் படகு ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

உல்மில் தொடங்கிய கயாக் ஒன்று இலங்கை வரை வந்தது என்பது உண்மையா?

உண்மை. ஹாம்பர்க்கில் மின்வேலை ஒப்பந்ததாரராக இருந்து, பொருளாதாரப் பெருமந்தத்தில் தொழிலை இழந்த ஆஸ்கர் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர், 1932 மே மாதம் உல்மில் ஒரு மடிப்புக் கயாக்கை இறக்கினார். சைப்ரஸின் தாமிரச் சுரங்கத்தில் வேலை தேடுவதுதான் அவர் எண்ணம். டான்யூபில் கீழிறங்கி, பிறகு வர்தார் ஆற்றுக்கு மாறி, ஏஜியன் கடலை அடைந்தார். சைப்ரஸை அடைந்தும் நிற்காமல், யூப்ரடீஸ் ஆறு, பாரசீக வளைகுடா, இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, கிழக்குக் கரை, பர்மா, டச்சு இந்தியத் தீவுகள் என்று ஏழு ஆண்டுகள் வலித்து, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் கரையேறினார். போர் தொடங்கிவிட்டிருந்ததால் எதிரி நாட்டவர் என்று கைது செய்து சிறைமுகாமில் வைத்தார்கள். அவருடைய டான்யூபில் மேலே சொன்ன அணைகளில் மிகப் பெரும்பாலானவை இல்லை. அவர் இறங்கியது ஓடும் ஆற்றில்.

பயணம் எங்கே முடிகிறது? படகோடு எப்படித் திரும்புவது?

செர்னவோடாவில் கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கிருந்து நேராகக் கடலுக்கு 1984இல் திறந்த கால்வாயும் உண்டு. ஆறு மட்டும் வடக்கே திரும்பி இன்னும் 300 கிலோமீட்டர் சுற்றுகிறது. களைத்துப்போன உடம்புக்கு அந்தத் திருப்பம் பெரிய அநியாயமாகத் தோன்றும்.

கழிமுகம் உயிர்க்கோளக் காப்பகம் என்பதால் துல்சியாவில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், குறித்த இடங்களில் மட்டுமே கூடாரமடிக்கலாம். சுலினா கிளை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்களுக்காக நேராக வெட்டப்பட்டது. கப்பலும் விசைப்படகும் எழுப்பும் அலை இரு கரையிலும் மோதித் திரும்பும். அமைதி வேண்டுவோர் வளைந்து செல்லும் தெற்குக் கிளையான ஸ்ஃபன்டு கியார்கேவில் போகட்டும். பலகை எண் பூச்சியத்துக்கு வருவதைப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தால் நான் சுலினாவைத் தேர்ந்தேன்.

அந்தப் பூச்சியம் இருப்பது கடலில் அன்று. 1870இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் ஒரு காலத்தில் கடல்முனையில் நின்றது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை முன்னேறிவிட, இப்போது அது ஊருக்குள் நிற்கிறது. ஆகவே பூச்சியத்தைத் தாண்டியும் வலிக்க வேண்டியிருந்தது. நீர் உப்புக் கரிக்கிறதா என்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன்; இன்னும் கரிக்கவில்லை.

சுலினாவுக்குச் சாலை கிடையாது. துல்சியாவுக்குப் பயணிகள் படகில்தான் திரும்ப வேண்டும். சீட்டை முதல் நாளே எடுத்துவிடுங்கள். கடினக் கயாக்கைச் சரக்காக ஏற்றப் பேச வேண்டியிருக்கும். மடிப்புப் படகு என்றால் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள், ஈரத்தோடு மடித்தால் துணி பூஞ்சை பிடித்துவிடும். நான் துறைமுகக் கம்பி வேலியில் அதைக் காயப்போட்டு, சட்டகக் குச்சிகளின் இணைப்புகளில் சிக்கியிருந்த மணலை ஒரு பழைய பல்துலக்கியால் அன்று பிற்பகல் முழுவதும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.